சிவப்பிக்கு இருட்டு டியூட்டி

மடிப்புக்காரி என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிடுவார்கள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் முப்பத்தோரு வருஷமாகப் படுக்கை விரிப்பு மடிக்கிறவள். நாலு மூலையும் ஒட்டி நிற்க, நடுவில் ஒரு சுருக்கம் இல்லாமல் அவள் மடித்து அடுக்கினால், மேலே ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துத் தளும்பாமல் தூக்கிப் போகலாம். வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. பேசிக்கொண்டே செய்தித்தாளை மடிப்பாள், பையை மடிப்பாள், எதிரில் இருப்பவரின் துண்டை வாங்கி மடித்து அவர் மடியிலேயே வைப்பாள்.

ஐந்து அக்கா தங்கைகளில் இவள் நாலாவது. மூத்தவள் கோபக்காரி, அடுத்தவள் அழுகைக்காரி, மூன்றாமவள் வாய்க்காரி. குணத்தையெல்லாம் அவர்கள் பங்கு போட்டு எடுத்துக்கொண்ட பிறகு பிறந்ததால் இவளுக்குப் பொறுமைதான் மிச்சம் இருந்தது, கடைக்குட்டிக்கு அதுவும் கிடைக்கவில்லை என்று அவர்களைப் பெற்றவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவள் கட்டிக்கொண்டவர் விளக்குக்காரர். ஊரின் தெருவிளக்குகள் நாற்பது வருஷம் அவர் கையில் இருந்தன. சாயங்காலம் சைக்கிளில் ஒவ்வொரு தெருவின் சுவிட்சுப் பெட்டிக்கும் போய் விளக்கைப் போடுவார், காலையில் போய் அணைப்பார். ஒவ்வொரு பெட்டியின் கதவிலும் ஒரு கார்டு தொங்கும். போட்ட நேரம், அணைத்த நேரம், கையெழுத்து. ஐந்து நிமிஷம் பிந்தினாலும் உள்ளதை உள்ளபடி எழுதிவிடுவார். "கார்டுல பொய் எழுதினா விளக்குக்குத் தெரிஞ்சிடும்" என்பார். இவர்கள் வீட்டு ஜன்னலுக்கு நேரே நிற்கிற விளக்குகூட அவர் மாட்டியதுதான்.

ஓய்வு பெற்று எட்டு வருஷம் கழித்து அவருக்கு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவத் தொடங்கியது. முதலில் கண்ணாடியை வைத்த இடம் மறந்தது. பிறகு சாப்பிட்டோமா இல்லையா என்பது. மடிப்புக்காரி இதை யாரிடமும் பெரிதாகச் சொல்லவில்லை. சலவைக்கூடத்தில் அவளுக்கு இப்போது சாயங்கால வேலை. ஐந்தேகாலுக்குக் கிளம்பினால் ஒன்பது மணிக்குத் திரும்புவாள். கிளம்பும் முன் அடுப்பின் குழாயைத் திருகி மூடிவிட்டு, சாப்பாட்டை மேசையில் மூடி வைத்து, மூடியின் மேல் கண்ணாடியையும் வைத்துவிட்டுப் போவாள். சாப்பாடு கண்ணில் பட்டால் கண்ணாடியும் படும் என்ற கணக்கு.

அவர்களுக்கு ஒரே மகள். ரயில் நிலையத்தில் வண்டி வருகிற நேரம் போகிற நேரமெல்லாம் ஒலிபெருக்கியில் சொல்லுகிற வேலை. கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள். அவள் சாதாரணமாக "தண்ணி குடு" என்றாலே யாரோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் போல இருக்கும். போன வருஷக் கடைசி விடுமுறைக்கு வந்தபோது ஒரு செடி கொண்டுவந்தாள். உச்சியில் இலையெல்லாம் ரத்தச் சிவப்பு, நடுவில் மஞ்சளாகக் கடுகு கடுகாக ஏதோ. தொட்டியைச் சுற்றித் தங்க நிறத்தில் பளபளத் தாள்.

"பாயின்செட்டியாப்பா இது. சிவப்பா இருக்கிறது பூ இல்ல, இலைதான். நடுவுல சின்னதா இருக்கிறதுதான் பூ."

"பேரைக் கேட்டாலே எனக்குத் தலை சுத்துது. சிவப்பின்னு வெச்சுக்கலாம்" என்றார் விளக்குக்காரர். அன்று முதல் அது சிவப்பி.

அந்த விடுமுறையில்தான் விளக்குக்காரர் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். பாத்திரம் கரிந்து வீடெல்லாம் புகை. மறுநாள் வாசல் கதவை அகலத் திறந்து போட்டுவிட்டு மத்தியானம் முழுக்கத் தூங்கினார். மகள் இரண்டையும் பார்த்தாள். ஊருக்குப் போகும் முன் சமையலறையில் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நீங்க ரெண்டு பேரும் என்கூட வந்துடுங்க. இந்த வீட்டைக் குடுத்துடலாம்."

"எதுக்கு? நான் நல்லாத்தானே பார்த்துக்கிறேன்?"

"நீ வேலைக்குப் போயிடற. சாயங்காலம் பூரா அப்பா தனியா இருக்கார். ஒரு நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆகாது."

"ஆகாதுன்னு நீ சொன்னாப் போதுமா?" மகளுக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க விளையாட்டாகப் பேசினாள். "சரி, ஒண்ணு பண்ணு. அந்தச் செடியை ஒரு வருஷம் காப்பாத்து. அடுத்த லீவுக்கு நான் வரும்போது அது உயிரோட, சிவப்பா இருந்துச்சுன்னா உங்களை விட்டுடறேன். இல்லேன்னா மறுபேச்சு இல்லாம மூட்டையைக் கட்டணும்."

"ஒரு செடிதானே!" என்றாள் மடிப்புக்காரி.

"அது லேசுப்பட்ட செடி இல்லம்மா" என்று மகள் சிரித்தாள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொன்னாள், ஒன்பதாம் நம்பர் மேடைக்கு வண்டி வருகிறது என்று அறிவிக்கிற மாதிரி, இரண்டு தடவை.

இந்தப் பேச்சை மடிப்புக்காரி கணவரிடம் சொல்லவில்லை. "என்னால நீ வீட்டை விட்டுப் போகணுமா" என்று அவர் மனசு சுருங்கிப்போவார் என்று பயம்.

செடியைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டாள். பளபளத் தாளுக்குள் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும் என்று மகள் சொல்லியிருந்ததால் முதலில் அதைக் கழற்றி எடுத்தாள். தூக்கிப் போட மனமில்லாமல் எட்டாக மடித்து அலமாரியில் வைத்தாள். மண்ணில் ஒரு விரல்கணு விட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால்தான் தண்ணீர். வாசல் காற்று அடிக்காத, மின்விசிறிக்கு நேராக இல்லாத இடம். அப்படியும் இரண்டு மாசத்தில் இலையெல்லாம் பழுத்துக் கொட்டிவிட்டது. மகள் போனில், "பயப்படாதே, ஒரு சாண் உயரம் விட்டு வெட்டிடு" என்றாள். வெட்டிய இடத்தில் பால் பாலாக வடிந்தது. கையில் பட்டு அரித்தது. மொட்டைக் குச்சிகளைப் பார்த்து விளக்குக்காரர், "பாவம், முடியிறக்கிட்டியே" என்றார். ஆனால் குச்சியில் கண் விட்டது, துளிர் வந்தது, நாலைந்து மாசத்தில் புதர் மாதிரி அடர்ந்துவிட்டது. எல்லாம் பச்சை. ஒரு புள்ளி சிவப்பு கிடையாது.

சிவப்பு வர வேண்டுமானால் இருட்டு வேண்டும். பகலில் நல்ல வெளிச்சம். சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து காலை ஏழரை வரை ஒரு பொட்டு வெளிச்சம் படக் கூடாது. எட்டு, பத்து வாரம் ஒரு நாள் தவறாமல். நடுவில் யாராவது விளக்கைப் போட்டால் போச்சு, அது இன்னும் கோடைக்காலம் என்று நினைத்துப் பச்சையாகவே இருந்துவிடும். இதுவும் மகள் சொன்னதுதான்.

மகள் வருவதற்குப் பத்து வாரம் இருக்கும்போது மடிப்புக்காரி மின்விசிறி வந்த பெரிய அட்டைப்பெட்டியை எடுத்தாள். அதில் இருந்த ஓட்டைகளை அடைக்க விளக்குக்காரரிடம் கருப்பு டேப் கேட்டாள். எதற்கு என்று கேட்காமல் அவரே உட்கார்ந்து, கம்பிக்கு ஒட்டுகிற மாதிரி அழுத்தி அழுத்தி ஒட்டிக் கொடுத்தார். தினமும் ஐந்து மணிக்கு முன்னறையில் செடியின் மேல் பெட்டியைக் கவிழ்ப்பாள், ஐந்தேகாலுக்குக் கிளம்புவாள். ஒன்பது மணிக்கு வரும்போது பெட்டி கவிழ்த்த மேனிக்கே இருக்கும்.

நாலு வாரம் போனது. ஐந்தாவது வாரமும் முடிந்தது. இந்நேரம் உச்சி இலையின் நரம்பாவது சிவந்திருக்க வேண்டும். சிவப்பி பச்சைப்பசேலென்று நின்றாள்.

அன்றைக்குச் சலவைக்கூடத்தில் பெரிய இயந்திரம் பழுதாகி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறு மணிக்கெல்லாம் மடிப்புக்காரி திரும்பிவிட்டாள். வாசல் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

பெட்டி ஓரமாக நின்றது. செடியின் தலைக்கு மேல் மேசை விளக்கு எரிந்தது. விளக்குக்காரர் ஸ்டூலைப் போட்டு எதிரில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிச் செடிக்குச் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

அவர் கையும் களவுமாகப் பிடிபட்ட முகத்தோடு திரும்பினார். "நீ ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்துட்டே?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. பெட்டியை யாரு எடுத்தது?"

"நான்தான். இருட்டுல உட்கார்ந்திருந்தா. பாவமா இருந்துச்சு."

"தினமுமா?"

"நீ போனதும் எடுப்பேன். நீ வர்றதுக்குள்ள மூடிடுவேன். நீயே ஆசையா மூடி வைக்கிற, எடுத்ததைப் பார்த்தா உன் மனசு கஷ்டப்படுமேன்னுதான்."

மடிப்புக்காரிக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது, மறு கணமே அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அறுபத்தாறு வயதுக்கும் சேர்த்து வைத்திருந்த பொறுமை அன்றைக்கு அறுந்தது.

"முப்பத்தஞ்சு நாளுங்க! முப்பத்தஞ்சு நாளா நான் மூடறேன், நீங்க திறக்கிறீங்க! அதுக்கு இருட்டுதான் சாப்பாடு. தெரியுமா உங்களுக்கு?"

"இருட்டா? நாப்பது வருஷம் ஊருக்கே வெளிச்சம் போட்டவன் வீட்டுல ஒருத்தி இருட்டுல இருக்கணுமா? என்ன பேச்சு இது?"

"அது சிவக்கலேன்னா நாம இந்த வீட்டையே விட்டுப் போகணும்! உங்க பொண்ணு சொல்லிட்டா. நமக்கு ஒண்ணும் பார்த்துக்கத் தெரியலையாம். நீங்க... நீங்க தனியா இருக்கக் கூடாதாம்."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோமே என்று இருந்தது. விளக்குக்காரர் மேசை விளக்கை அணைத்தார். வெளியே இருந்து தெருவிளக்கின் வெளிச்சம் ஜன்னல் வழியாக உள்ளே விழுந்தது. அவர் ஓரமாக நின்ற பெட்டியைப் பார்த்தார்.

"எத்தனை மணிலேர்ந்து?" என்றார்.

"என்ன?"

"இருட்டு. எத்தனை மணிலேர்ந்து எத்தனை மணி வரைக்கும்?"

"அஞ்சுலேர்ந்து ஏழரை. காலையில ஏழரை. இனிமே தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? இனி மூடறதும் ஒண்ணுதான், மூடாததும் ஒண்ணுதான்" என்று செடியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னறையில் ஜன்னலோரம் வைத்துவிட்டு வந்தாள். பெட்டியையும் அங்கேயே எறிந்தாள். பின்னறை அவருடைய ராஜ்யம். பழைய கம்பிச்சுருளும் திருப்புளிகளும் உடைந்த விளக்குமூடிகளும் நிறைந்த அந்த அறைக்குள் அவள் வருஷத்துக்கு இரண்டு தடவை கால் வைத்தால் அதிகம்.

அதற்குப் பிறகு அவள் செடியைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள், கவலையோடு. ஐந்து மணி அடித்ததும் எழுந்துவிடுவார். டீயை நீட்டினால், "அப்புறம், எனக்கு டியூட்டி இருக்கு" என்று பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். காலையில் ஏழரைக்கும் அப்படியே. பல் துலக்கிக்கொண்டிருந்தாலும் பாதியில் விட்டுவிட்டுப் போவார். மடிப்புக்காரி பயந்துபோனாள். இன்னும் தெருவிளக்கு வேலையில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறாரே! பின்னறைச் சுவரில் இல்லாத சுவிட்சைப் போட்டு அணைத்துக்கொண்டிருக்கிறாரோ என்னவோ. கடைக்குட்டித் தங்கையிடம் போனில் சொல்லி அழுதாள். "அக்கா, உன் பொண்ணு சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்று அவள் சொன்னது இன்னும் வலித்தது.

மகள் வர மூன்று நாள் இருக்கும்போது மடிப்புக்காரி செடிக்கடைக்குப் போனாள். விடுமுறைக்காக வரிசை வரிசையாகச் சிவப்புத் தொட்டிகள்.

"போன வருஷம் வாங்கின மாதிரியே ஒண்ணு வேணும்" என்றாள்.

"போன வருஷத்துது என்னாச்சும்மா?" என்றார் கடைக்காரர்.

"இருக்கு. பச்சையா இருக்கு."

"உயிரோட இருக்கா!" அவர் வாயைப் பிளந்தார். "பதினெட்டு வருஷமா விக்கிறேன். ஒரு வருஷம் வெச்சிருந்தேன்னு சொன்ன முதல் ஆளு நீங்கதான். எல்லாரும் லீவு முடிஞ்சதும் தூக்கி எறிஞ்சுடுவாங்க. உங்களை மாதிரி நாலு பேர் கிளம்பினா நான் கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

வழியில் காற்றுப் பட்டு இலை கொட்டிவிடுமென்று பழைய விரிப்பால் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். வீட்டில் பழைய தொட்டி ஒன்றைத் தேடி அதில் மாற்றி நட்டாள். முன்னறை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தால், விளக்குக்காரர் வாசற்படியில் நின்றார்.

"யாரிது?"

"யாரா? நம்ம சிவப்பிதாங்க. சிவந்துட்டா, பார்த்தீங்களா?"  கல்யாணமாகி நாற்பத்துமூன்று வருஷத்தில் அவரிடம் சொன்ன பெரிய பொய் அது.

அவர் கிட்டே வந்தார். ஒரு இலையைத் தொட்டார். தண்டைக் குனிந்து பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். "சரி. நல்லா இருக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நம்பிவிட்டார் என்று முதலில் நிம்மதியாக இருந்தது. அப்புறம் அந்த நிம்மதியே நெஞ்சில் குத்தியது. முப்பத்தைந்து நாள் எதிரில் உட்கார்ந்து பேப்பர் வாசித்த செடியை அவருக்கு அடையாளம் தெரியவில்லையே. அப்படியென்றால் மகள் சொன்னது சரிதான். வீட்டைக் காப்பாற்றத்தான் அவள் செடியை வாங்கினாள். இப்போது வீடு எதற்கு என்றே தோன்றியது. அன்றிரவு மகளின் பழைய பெட்டிகளில் எதை எதை அடுக்கிக் கொண்டுபோகலாம் என்று படுத்தபடியே யோசித்தாள்.

மகள் வந்த நாளில் மடிப்புக்காரிக்கு வேலை இல்லை. வண்டி தாமதமாகி நாலரைக்குத்தான் மகள் வீட்டுக்குள் நுழைந்தாள். மாப்பிள்ளைக்கு விடுமுறை கிடைக்கவில்லை, அவள் மட்டும்தான். பையைக் கீழே வைக்கும் முன்னே மேசையைப் பார்த்தாள்.

"அட! அம்மா! சிவந்துடுச்சே!"

"ம்" என்றாள் மடிப்புக்காரி. கையில் இருந்த துணியை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

மகள் கிட்டே போய்ச் செடியைச் சுற்றி வந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, அம்மாவின் கையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

விளக்குக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "அது விருந்தாளி. நம்ம வீட்டுப் பொண்ணு உள்ள இருக்கா. பார்க்கணும்னா இப்பவே வா. அஞ்சு மணிக்கு மூடணும்."

தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு பின்னால் போனார்கள். பின்னறை ஜன்னலோரம் சிவப்பி நின்றாள். அடர்ந்து, அகன்று, ஒரு பழுத்த இலை இல்லாமல். பச்சைதான். ஆனால் உச்சிகளில் மூன்று இடத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு, குழந்தையின் உதடு மாதிரிச் சிவப்பு.

பக்கத்தில் கருப்பு டேப் ஒட்டிய பெட்டி. எறிந்தபோது கிழிந்த மூலைக்கும் புது டேப் போட்டிருந்தது. பெட்டியின் நெற்றியில் ஒரு நூல் கட்டி ஒரு கார்டு தொங்கியது. மகள் அதை எடுத்துப் பார்த்தாள். மூடிய நேரம் ஐந்து. திறந்த நேரம் ஏழரை. கையெழுத்து. அடுத்த நாள், அதற்கடுத்த நாள், முப்பத்துநாலு வரி. எழுத்து நடுங்கியிருந்தது, தேதி ஒன்றும் விடுபடவில்லை. கார்டின் தலைப்பில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்: 'இருட்டு டியூட்டி. மறக்கக் கூடாது.'

ஒரே ஒரு வரியில் மட்டும் வேறு மாதிரி. 'திறந்தது 7.50. தூங்கிவிட்டேன்.'

மகள் அந்த வரியின் மேல் விரலை வைத்தாள். அப்படியே தன் வேலைக் குரலில், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு! இருபது நிமிஷம் தாமதம். சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்றாள். பாதியிலேயே குரல் உடைந்தது.

"இருட்டு கூடினா தப்பில்லையே? குறைஞ்சாத்தானே தப்பு?" என்று விளக்குக்காரர் கவலையாகக் கேட்டார்.

"தப்பே இல்லப்பா."

மடிப்புக்காரி பெட்டியின் புது டேப்பைத் தடவிப் பார்த்தாள். "அப்ப அன்னிக்கு நான் புதுச் செடியைக் காட்டினப்போ உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"தெரியாம? இவ தண்டுல நீ வெட்டின தழும்பு ஏழு இருக்கு. அவ உடம்புல ஒரு கீறல் கிடையாது."

"பின்னே ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நீ சிவப்பிங்கிற. உன் முகம் அப்படி இருந்துச்சு. இல்லேன்னு சொன்னா உன் மனசு கஷ்டப்படுமேன்னு..."

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "எனக்கும் வந்த உடனே தெரிஞ்சுது. ஒரு வருஷச் செடிக்குத் தண்டு கட்டையா இருக்கும்மா. அது நேத்துப் பொறந்தது. அம்மா மனசு கஷ்டப்படுமேன்னுதான் நானும் வாயை மூடிட்டேன்."

"நல்ல குடும்பம்!" என்றாள் மடிப்புக்காரி. கண்ணைத் துடைத்தாள். துடைத்த முந்தானையை மடித்தாள். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டாள். "மூட்டையைக் கட்டணுமா?"

மகள் செடியின் பக்கம் குனிந்தாள். மூன்று நகம் அளவுச் சிவப்பையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். முன்னறைக் கடிகாரம் ஐந்து அடித்தது. விளக்குக்காரர் பெட்டிக்குக் கை நீட்டினார். அதற்குள் மகளே அதைத் தூக்கி, ஒரு இலையும் மடங்காமல், மெல்லக் கவிழ்த்தாள்.

"எழுது" என்று அவர் பென்சிலை நீட்டினார்.

முப்பத்தைந்தாவது வரியில் மகள் கையெழுத்துப் போட்டாள். "அம்மா, சாயங்காலம் அப்பாகூட இருக்க ஒரு ஆளைப் பார்ப்போம். நாலு மணி நேரம் இருந்தாப் போதும். அடுப்புக்குத் தானா மூடிக்கிற குழாய் ஒண்ணு மாட்டிடலாம்." கொஞ்சம் நிறுத்தி, "உயிரோட இருக்கணும்னுதானே சொன்னேன். சிவக்கவும் ஆரம்பிச்சாச்சு. மீதிக்கு அடுத்த வருஷம் வரைக்கும் தவணை" என்றாள்.

அவள் இருந்த எட்டு நாளும் பின்னறைக்கு மூன்று பேரும் சேர்ந்தே போனார்கள். ஊருக்குப் புறப்படும்போது மடிப்புக்காரி அலமாரியிலிருந்து எட்டு மடிப்புத் தங்கத் தாளை எடுத்துப் பிரித்து, விருந்தாளியின் தொட்டியைச் சுற்றிக் கட்டி மகள் கையில் கொடுத்தாள். "போனதும் கழட்டிடு. தண்ணி தேங்கும்."

"எனக்கேவா சொல்ற!"

விளக்குக்காரர் வாசல்வரை வந்தார். "அடுத்த லீவுக்கு வரும்போது இவளைச் சிவப்பாக் கொண்டு வரணும். இல்லேன்னா உங்க ரெண்டு பேரால தனியா இருக்க முடியலேன்னு அர்த்தம். மூட்டையைக் கட்டிட்டு இங்க வந்துடணும்."

மகள் தெருமுனை திரும்பும்வரை சிரித்துக்கொண்டே போனாள்.

அன்றைக்கு மடிப்புக்காரிக்கு வேலை இருந்தது. மூடி மேல் கண்ணாடியை வைத்துவிட்டு, ஐந்தேகாலுக்குச் செருப்பை மாட்டியவள் பின்னறைக் கதவை ஒரு விரல் அளவு திறந்து எட்டிப் பார்த்தாள். அவர் ஜன்னலையும் சாத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, மூடிய பெட்டியின் பக்கமாகச் சாய்ந்து, படித்ததில் ஞாபகம் இருக்கிற பழைய செய்தி எதையோ இருட்டிலேயே சொல்லிக்கொண்டிருந்தார்.

"கதவைச் சாத்தும்மா" என்றார், திரும்பாமலே. "வெளிச்சம் வருது."